‘நாய்தானே போச்சு...’: செல்லத்தை இழந்தவர்கள் ஆபீஸில் பொய் சொல்வது ஏன்?

2022 ஜூன் மாதம். பெங்களூருவில் ‘777 சார்லி’ என்ற கன்னடப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த கர்நாடகத்தின் அப்போதைய முதல்வர் பசவராஜ் பொம்மை, கேமராக்களுக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். தனியாக வாழும் ஓர் இளைஞனுக்கும் ஒரு லாப்ரடாருக்கும் இடையிலான கதை அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பொம்மை வீட்டுச் செல்ல நாய் ‘சன்னி’ இறந்திருந்தது. படம் அதைக் கிளறிவிட்டது.

அந்த வீடியோவைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள் உண்டு. ‘ஒரு சி.எம். நாய்க்காக அழலாமா’ என்று கிண்டலடித்தவர்களும் உண்டு. ஆனாலும் அவருக்கு வாய்த்தது நம் ஊரில் பலருக்கு வாய்ப்பதில்லை. நாலு பேருக்கு முன்னால், காரணத்தைச் சொல்லி அழ முடிந்தது.

சென்னையிலோ கோவையிலோ ஐ.டி. வேலையில் இருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கூடவே இருந்த நாய் ஞாயிறு ராத்திரி செத்துப்போகிறது. திங்கள் காலை ஒன்பதரைக்கு டீம் மீட்டிங். மேனேஜருக்கு என்ன மெசேஜ் போகும்? ‘ஃபீவர், லீவ் வேணும்.’ உண்மையை எழுதினால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். ‘சாரி டு ஹியர்’ என்று ஒரு வரி, பின்னால் கேண்டீனில் ஒரு சிரிப்பு. சொந்த வீட்டிலேயே சித்தப்பாவோ மாமாவோ சொல்வார்: “நாய்தானே போச்சு? மனுஷனா போயிட்டான்? இன்னொண்ணு வாங்கிக்கலாம் விடு.”

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒரு வாக்கியம் செய்யும் சேதம் கொஞ்சநஞ்சம் இல்லை. துக்கப்படுகிறவரின் மனசோடு அது நிற்பதில்லை, அடுத்து வளரப்போகும் நாய்களையும் பாதிக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

சந்தோஷத்துக்கு மட்டும் அனுமதி

நாய் வளர்ப்பதன் சந்தோஷத்தைப் பேச நம்மிடம் இடம் நிறைய இருக்கிறது. இன்ஸ்டாகிராமைத் திறந்தால் பாதி அதுதான். குட்டிக்குப் பிறந்தநாள் கேக், பீச்சில் முதல் ஓட்டம், ‘வாக்’ என்ற சொல்லைக் கேட்டதும் பெல்ட் மாட்டியிருக்கும் ஆணியைப் பார்த்துத் திரும்பும் தலை. தெருவில் நூறு ஸ்கூட்டர் போனாலும் தன் வீட்டு ஸ்கூட்டரின் சத்தம் தெருமுனையில் திரும்பும்போதே கேட்டுக்கு ஓடும் காது. அப்பாவின் செருப்பில் ஒன்றை மட்டும் கடித்து, இன்னொன்றைப் பத்திரமாக விட்டுவைக்கும் நியாயம்!

பெயர்கள்கூட மாறிவிட்டன. ஒரு காலத்தில் மணி, ராஜா, ஜிம்மி, டைகர். இப்போது மைலோ, கோகோ, சிம்பா. வாசலில் கட்டிக் கிடந்தவை ஹாலுக்கு வந்தன, ஹாலிலிருந்து மெத்தைக்கு வந்தன. ‘நாய் வளர்க்கிறோம்’ என்று சொன்ன தலைமுறையின் பிள்ளைகள் ‘எங்க பையன்’ என்கிறார்கள். பெரியவர்களுக்கு இது கொஞ்சம் அதிகமாகத்தான் படும். பட்டுவிட்டுப் போகட்டும். வேலைக்காக ஊரைவிட்டு வந்து, ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட்டில் தனியாக இருக்கும் ஒருவருக்கு, ராத்திரி கதவைத் திறக்கும்போது உள்ளே ஓர் உயிர் குதிக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு அறிவியலும் ஒரு காரணம் சொல்கிறது. ஜப்பானின் அஸாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொள்ளும்போது, இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பில் வேலை செய்வதும் இதே ஹார்மோன்தான். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. ‘எங்க பையன்’ என்று சொல்பவரை முழுசாகக் கேலி செய்துவிட முடியாது.

கணக்கு ஒன்று மட்டும் இடிக்கும். கிரேட் டேன் போன்ற பெரிய இனங்கள் எட்டு வருஷம் வாழ்ந்தாலே பெரிது. லாப்ரடாருக்குப் பத்து, பன்னிரண்டு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாட்டு நாய் பன்னிரண்டு, பதினைந்துவரை இருக்கும். 2020 ஊரடங்கில், வீட்டிலிருந்தே வேலை என்ற தைரியத்தில் வாங்கப்பட்ட குட்டிகள் இன்று குட்டிகள் இல்லை. முகவாயில் நரை விழத் தொடங்கிவிட்டது. அடுத்த சில வருஷங்களில் நம் நகரங்களின் ஃப்ளாட்களில் நிறைய திங்கள்கிழமைகள் வரப்போகின்றன.

பழைய துக்கம்தான்

‘இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன்’ என்பது அடிக்கடி கேட்கும் வாதம். ஃபேஷன் என்றால் ரொம்பப் பழைய ஃபேஷன்.

ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காஸல் என்ற இடத்தில், 1914இல் கல் குவாரியில் வேலை செய்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். சுமார் 14,000 ஆண்டுகள் பழையது. உள்ளே ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய். ஏழு மாதக் குட்டி. அதன் பற்களை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரை, அந்தக் குட்டிக்கு டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய் இருந்திருக்க வேண்டும் என்றது. நோய் வந்த பிறகும் அது பல வாரங்கள் உயிரோடு இருந்திருக்கிறது. யாரோ அதைச் சுத்தப்படுத்தி, சூடாக வைத்து, தண்ணீர் ஊட்டிப் பார்த்துக்கொள்ளாமல் அது நடந்திருக்காது. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத, நோஞ்சான் குட்டி. அதைத்தான் கூட வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் சாட்சி இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். ஆநிரைப் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனுக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது: கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமம், இறந்துபோன தன் வீரனோடு சேர்த்து நாயின் பெயரையும் மறக்கக் கூடாது என்று உளி பிடித்திருக்கிறது. ‘நாயே’ என்பதை வசவாக வைத்திருப்பதும் இதே மொழிதான் என்பது வேறு கதை.

துக்கம் விசாரிக்க யாரும் வராத வீடு

மனிதர் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் வருவார்கள். பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும். பால் தெளிப்பு, காரியம் என்று நாள்கள் குறிக்கப்பட்டிருக்கும். நேரில் வர முடியாதவர்கள் பிறகு ஒருநாள் துக்கம் விசாரிக்க வருவார்கள். அதே கதையைப் பத்துப் பேரிடம் பத்து முறை சொல்லி, பதினோராவது முறை சொல்லும்போது குரல் கொஞ்சம் நிதானத்துக்கு வந்திருக்கும். சடங்கின் வேலை பாதி இதுதான்.

நாய் இறந்த வீட்டில் இது எதுவும் கிடையாது. காலை ஐந்தரைக்கு விழிப்பு மட்டும் வரும், பழக்க தோஷம். கதவுப் பக்கம் பெல்ட் தொங்கும். தட்டில் கடைசி வாய்ச் சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒதுக்கியது யாருக்கு என்று கை அப்படியே நிற்கும். சோபாவைத் தட்டினால் ஆறு மாதம் கழித்தும் முடி வரும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் இந்த வகைத் துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். ‘உரிமை மறுக்கப்பட்ட துக்கம்’ என்று தமிழில் சொல்லலாம். இழப்பு நிஜம், வலி நிஜம், ஆனால் ‘நீ துக்கப்படலாம்’ என்று சமூகம் ஒப்புக்கொள்ளாத நிலை. ஒப்புக்கொள்ளாததால் வலி குறைந்துவிடாது. உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், பெரும்பாலும் குற்ற உணர்ச்சியாக.

பேசாமல் விட்டால் என்ன ஆகும்?

இங்கேதான் விஷயம் தனிமனித சோகத்தைத் தாண்டுகிறது. நாய்களின் இறப்புகளில் தவிர்த்திருக்கக்கூடியவை கணிசம். ஆனால் வெட்கத்தில் யாரும் சொல்வதில்லை. சொல்லாததால் பக்கத்து ஃப்ளாட்டிலும் அதே தப்பு நடக்கிறது.

பார்வோ வைரஸை எடுத்துக்கொள்வோம். தடுப்பூசி முழுசாகப் போடாத குட்டிக்குத் திடீரென்று வாந்தி, ரத்தமாக வயிற்றுப்போக்கு. உடனே டிரிப்ஸ் ஏற்றிப் பார்க்காவிட்டால் மூன்று, நான்கு நாளில் முடிந்துவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை சில வார இடைவெளிகளில் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ‘முதல் ஊசி போட்டாச்சு சார்’ என்ற விற்பவரின் பேச்சை நம்பி, மிச்சத்தை மறந்தவர்கள் எத்தனையோ பேர். அடுத்த கொடுமை, ‘இன்னொண்ணு வாங்கிக்கோ’ என்ற அந்த ஆறுதல். பார்வோ கிருமி வீட்டுத் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தரை துடைக்கும் சாதாரண திரவங்களுக்கு அசையாது, ப்ளீச் வேண்டும். முதல் குட்டி எதனால் போனது என்று விசாரிக்காமல், வருத்தத்தை மறக்க அடுத்த வாரமே இன்னொரு குட்டியைத் தூக்கி வந்தால், அதுவும் அதே மூலையில் படுத்துவிடும்.

உண்ணிக் காய்ச்சலும் அப்படித்தான். இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றால் ‘வெயில்தான், சரியாகிடும்’ என்று விட்டுவிடுவோம். அதற்குள் ரத்தத் தட்டணுக்கள் இறங்கி, மூக்கில் ரத்தம் வரும். ஆரம்பத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்தால் மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகும் நோய் இது.

சாப்பாட்டில் இன்னும் சாதாரணமாக நடக்கும். சாக்லேட் ஆகாது என்று பலருக்கும் தெரிந்துவிட்டது. திராட்சை ஆகாது என்பது தெரியாது. பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். வெங்காயம் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சாம்பார் சாதம் பாசத்தோடு வைத்தாலும். தீபாவளி வேறு. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால் நாய்க்கு 40,000க்கு மேலும் கேட்கும். ஆயிரம்வாலாவுக்கு மிரண்டு, திறந்திருந்த கேட் வழியாக ஓடி, திரும்பி வராத நாய்கள் எல்லா ஊரிலும் உண்டு.

2003இல் வந்த ஹட்ச் விளம்பரத்தைப் பார்த்துப் பக் வாங்கியவர்களுக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கும். அந்தத் தட்டை மூக்கால் உடல் சூட்டைச் சரியாக வெளியேற்ற முடியாது. மே மாத மதியத்தில் அது மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்தவர், அடுத்தவருக்கு பக் வாங்கிக் கொடுக்க மாட்டார். ஆனால் அவர் அதைச் சொன்னால்தானே தெரியும். ஷோரூம் பொருளை வாங்கினாலே ரிவ்யூ எழுதும் தலைமுறை, பத்து வருஷப் பொறுப்பைப் பற்றி மட்டும் அழகான படங்களை வைத்து முடிவெடுக்கிறது.

அந்த ஊசி

எல்லாவற்றிலும் கடினமான பேச்சு இது. வயதான நாய். சிறுநீரகம் போய்விட்டது, கிரியாட்டினின் இறங்கவில்லை. அல்லது புற்றுநோய். டாக்டர் மெதுவாகச் சொல்கிறார்: “யோசிச்சுக்கோங்க.” யோசிக்கச் சொல்வது கருணைக் கொலையை.

அம்மா அப்பா விஷயத்தில்கூட நாம் எடுக்க வேண்டியிருக்காத முடிவு இது. வீட்டில் யாராவது ‘பாவம் பிடிக்கும்’ என்பார்கள். இன்னொருவர் ‘இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்கிறதுதான் பாவம்’ என்பார். முடிவெடுப்பவர் பெரும்பாலும் இருபத்தெட்டு, முப்பது வயசுக்காரர். ஏற்கெனவே இதைக் கடந்துவந்த ஒருவரின் பேச்சு அப்போது தேவைப்படும். ஆனால் அவர்தான் ‘ஃபீவர்’ என்று லீவ் போட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாரே!

அதனால் இங்கே சொல்லியாக வேண்டும். முதலில் மயக்க மருந்து கொடுப்பார்கள். பிறகு நரம்பு வழியாக அதிக அளவு மயக்கமருந்து. சில நொடிகளில் நினைவு போய்விடும், சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் திறந்தே இருக்கலாம். இறந்த பிறகும் தசை துடிக்கலாம், பெருமூச்சு மாதிரி ஒன்று வரலாம். அது வலியால் வருவதில்லை. தெரியாதவர்கள் அந்தக் கடைசிப் பெருமூச்சை வருஷக்கணக்கில் சுமப்பார்கள். முடிந்தால் அறைக்கு உள்ளேயே இருங்கள். வெளியே நின்றுவிட்டால், மேஜையில் படுத்திருக்கும் நாய் பழகிய முகத்தைத் தேடும்.

எப்போது முடிவெடுப்பது என்பதற்கு, அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் உருவாக்கிய ஓர் அளவுகோல் உதவும். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் கூடுதலா என ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண் வரை. கூட்டினால் 35க்கு மேல் வந்தால், இன்னும் பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள். மதிப்பெண் போட்டு முடிவெடுப்பது இரக்கமில்லாதது போலத் தோன்றும். ஆனால் தூக்கமில்லாத மூன்றாம் ராத்திரியில், வீட்டில் நாலு பேர் நாலு பக்கம் இழுக்கும்போது, ஒரு தாளில் ஏழு வரி எழுதிப் பார்ப்பது பெரிய உதவி.

அதன் பிறகு உடலை என்ன செய்வது? கிராமத்தில் தோட்டத்தில் ஆழமாகக் குழி வெட்டி, மேலே ஒரு தென்னங்கன்றை வைத்துவிடுவார்கள். ஆறாவது மாடி வாடகை ஃப்ளாட்டில் மண் ஏது? பெருநகரங்களில் செல்லப் பிராணிகளுக்கான தகன மேடைகள் சில வந்திருக்கின்றன. சிறு நகரங்களில் அதுவும் கிடையாது. நடுராத்திரியில் போர்வையில் சுற்றி, ஊருக்கு வெளியே இடம் தேடிக் காரோட்டியவர்கள் இருக்கிறார்கள். நகராட்சிகள் இதைச் சுகாதாரப் பிரச்சினையாகவாவது பார்த்து, ஊருக்கு ஓர் இடம் ஒதுக்கலாம். நாய் நல்லபடியாக இருக்கும்போதே எங்கே, யாரை அழைப்பது என்று தெரிந்துவைத்துக்கொள்வது வளர்ப்பவரின் வேலை.

‘மனுஷனுக்கே இங்க வழியில்ல...’

இந்த எதிர்வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. தெருநாய் கடித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் தாயிடம் போய், நாய்க்காக லீவ் கேட்பதைப் பற்றிப் பேச முடியாது. தினக்கூலிக்காரருக்குச் சொந்த அப்பா இறந்தாலும் சம்பளத்தோடு லீவ் கிடையாது. வளர்ப்பு நாயைப் பெல்ட் இல்லாமல் பூங்காவில் விட்டு, குழந்தையைக் கடிக்கவிட்டவரும் ‘டாக் லவ்வர்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார். அவர்மீது வரும் கோபம் நியாயமானது.

ஆனால் நாயின் சாவைச் சாதாரணமாக்குவதால் இவர்கள் யாருக்கும் எந்த நன்மையும் வருவதில்லை. நடப்பது நேர்மாறு. ‘நாய்தானே’ என்ற மனசுதான், வயதாகிக் கண் தெரியாமல் போனதும் அதைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஹைவேயில் இறக்கிவிடுகிறது. வீடு மாறும்போது பழைய தெருவிலேயே விட்டுவிட்டுப் போகிறது. கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கான அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீ, ஒரு சமோசா! பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. கைவிடப்பட்ட நாய் தெருவுக்குத்தான் வருகிறது, தடுப்பூசி இல்லாமல், பசியோடு. அதன் விளைவை அந்த ஆஸ்பத்திரி வரிசையும் சேர்த்துத்தான் சுமக்கிறது.

ரெண்டு நாள் போதும்

இந்தியாவில் செல்லப் பிராணி இறந்தால் லீவ் என்று சட்டம் எதுவும் இல்லை. உடனே ஒன்று வேண்டும் என்று கொடி பிடிக்கவும் தேவையில்லை. 2017இல் இத்தாலியில் ஒரு பல்கலைக்கழக ஊழியர், தன் நாயின் அறுவை சிகிச்சைக்காக எடுத்த இரண்டு நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாகப் பெற்றது உலகச் செய்தியானது. நம் ஊர் கம்பெனிகளிடம் அவ்வளவுகூடக் கேட்க வேண்டாம். ஊழியரின் கணக்கில் இருக்கும் கேஷுவல் லீவிலேயே இரண்டு நாள். காரணத்தை உள்ளபடி எழுதினால் மேனேஜர் சிரிக்காமல் ஒப்புதல் கொடுத்தால் போதும். பொய் சொல்லிப் போட்ட லீவில் அழுவதற்கும், உண்மையைச் சொல்லிப் போட்ட லீவில் அழுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவதில், ஃபீவர் எப்படி இருக்கு என்று கேட்கும் போனுக்கும் நடிக்க வேண்டும்.

டீம் லீடருக்கோ, பக்கத்து வீட்டுக்காரருக்கோ, அந்தச் சித்தப்பாவுக்கோ என்ன பேசுவது என்று தெரியாமல் இருக்கலாம். ‘இன்னொண்ணு வாங்கிக்கோ’வுக்குப் பதிலாக, துக்க வீட்டில் வழக்கமாகக் கேட்பதையே கேட்கலாம். என்ன ஆச்சு? எத்தனை வயசு? கடைசியா ஏதாவது சாப்பிட்டுச்சா? உடம்பு முடியாமல் போனதிலிருந்து டாக்டர் சொன்னதுவரை எல்லாம் அந்தப் பதில்களில் வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் பேச்சு, குட்டியாக இருந்தபோது அது ரிமோட்டைக் கடித்துத் துப்பிய கதைக்குப் போயிருக்கும்.